பெத்லகேம் முதல் அல்லோன்பாகூத் வரை: வேதாகம ஊர்ப் பெயர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிறு மாலை வேதபாட வகுப்பில் பல வருடங்களாக என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள் இவை. கேட்டவர்களில் பள்ளிப் பிள்ளைகள் உண்டு. புது வீட்டுக்குப் பெயர் தேடி வந்தவர்களும் உண்டு. வசனங்களைப் பெரும்பாலும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்தே எடுத்திருக்கிறேன். காதில் பழகியது அதுதான்.

ஊர்ப் பெயருக்கு அர்த்தம் தெரிந்து என்ன ஆகப்போகிறது? கதை தெரிந்தால் போதாதா?

கதையே சில இடங்களில் பெயருக்குள்தான் இருக்கிறது. ரூத்தின் புத்தகத்தைத் திறந்தால் முதல் வசனத்திலேயே பஞ்சம். பஞ்சத்துக்குப் பயந்து ஒரு குடும்பம் ஊரை விட்டு மோவாபுக்குப் போகிறது. எந்த ஊர்? பெத்லகேம். எபிரேயத்தில் ‘பெத்’ என்றால் வீடு, ‘லெஹெம்’ என்றால் அப்பம். அப்ப வீட்டில் அப்பம் இல்லை. எபிரேயத்தில் அதைக் கேட்டவனுக்கு அந்த ஒரு வரியே சுருக்கென்று தைத்திருக்கும். நாமோ வெறும் ஊர்ப் பெயராக வாசித்துவிட்டுக் கடந்து போகிறோம். அதிகாரத்தின் கடைசி வசனத்தில் நகோமி திரும்பி வரும்போது அங்கே வாற்கோதுமை அறுப்பு தொடங்கியிருக்கிறது. வெறுமையான வீட்டுக்கு அப்பம் திரும்பிவிட்டது என்று கதாசிரியர் தனியாகச் சொல்லவில்லை. ஊர்ப் பெயரும் அறுப்புக் காலமும் சேர்ந்து அதைச் சொல்லிவிடுகின்றன.

பெத்லகேம் என்றால் ‘இறைச்சி வீடு’ என்று ஒருவர் சொன்னார். எது சரி?

இரண்டும் சரி; மொழிதான் வேறு. அந்த ஊரை அரபியில் இன்றும் ‘பைத் லஹ்ம்’ என்கிறார்கள். அரபியில் ‘லஹ்ம்’ என்றால் இறைச்சி. எபிரேயமும் அரபியும் ஒரே குடும்பத்து மொழிகள். வேர் ஒன்றுதான், முக்கியமான உணவு எதுவோ அதை அந்தச் சொல் குறித்தது. ரூத்தின் கதைக்கு எபிரேயப் பொருளே பொருந்தும்.

பெயர்களில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் எவை?

நம் ஊர்களில் குளம், பட்டி, குறிச்சி என்று வருகிறதே, அதே மாதிரிதான். ஒரு வேறுபாடு: நாம் கடைசியில் வைப்பதை எபிரேயர் முதலில் வைப்பார்கள். ‘பெத்’ என்றால் வீடு. பெத்தேல் தேவனுடைய வீடு, பெத்சாயிதா மீன்பிடிப்பு வீடு, பெத்சிமேஸ் சூரியனுடைய வீடு. ‘கப்பர்’ என்றால் கிராமம். கப்பர்நகூம் என்பது நாகூம் என்பவருடைய கிராமம். ‘காத்’ என்றால் ஆலை. கோலியாத்தின் ஊர்ப் பெயர் அதுதான். ராமா மேடு, மிஸ்பா காவல் மேடு. ‘பெயெர்’ என்றால் கிணறு.

எனக்கு மிகவும் பிடித்தது ‘ஏன்’. மூலத்தில் ‘அயின்’. அதற்கு ஊற்று என்று பொருள். கண் என்றும் பொருள். தமிழிலும் தண்ணீர் கசியும் இடத்தை ஊற்றுக்கண் என்றுதானே சொல்கிறோம்! வறண்ட நிலத்தில் தண்ணீர் மினுங்கும் இடத்தைப் பார்த்த இரண்டு ஜனங்களுக்கும் அது கண்ணாகவே தெரிந்திருக்கிறது. சவுலுக்குத் தப்பி தாவீது ஒளிந்த என்கேதி, ‘ஆட்டுக்குட்டியின் ஊற்று’. சவக்கடல் ஓரத்தில் அந்த ஊற்று இன்றும் ஓடுகிறது. வரையாடுகள் இன்றும் அங்கே வருகின்றன.

அப்படியானால் எலிசபெத் என்ற பெயரில் வரும் ‘பெத்’தும் வீடுதானா?

இல்லை. தமிழ் எழுத்தை மட்டும் வைத்துப் பொருள் தேடினால் இப்படித்தான் வழி தவறும். எலிசபெத்தின் மூலப் பெயர் ‘எலிஷெவா’. அதில் இருப்பது பெயெர்செபாவில் வரும் ‘செபா’. கிரேக்கத்துக்குப் போனபோது கடைசியில் ‘த்’ ஒட்டிக்கொண்டது.

எபிரேயத்தில் ஸ, ஷ, த்ஸ என்று தனித்தனி எழுத்துகள் உண்டு. தமிழில் எல்லாம் ‘ச’வில் வந்து அடங்கிவிடுகின்றன. ஹ-வும் க-வும் ஒன்றாகிவிடுகின்றன. நாசரேத்தில் உள்ள ‘ச’வும் சீலோவாமில் உள்ள ‘ச’வும் மூலத்தில் வெவ்வேறு எழுத்துகள். உச்சரிப்பு ஒத்துப்போகிறது என்பதற்காக இரண்டு பெயர்களை முடிச்சுப் போட்டுவிடக் கூடாது.

பெயெர்செபா என்றால் ‘ஏழு கிணறு’ என்கிறார்கள். ‘ஆணைக் கிணறு’ என்றும் சொல்கிறார்கள். எது?

எபிரேயத்தில் ‘ஷெவா’ ஏழு. ஆணையிடுவதற்கான வினையும் அதே எழுத்துகளில்தான் பிறக்கிறது. ஆதியாகமம் 21-இல் ஆபிரகாம் ஏழு பெண்ணாட்டுக்குட்டிகளைத் தனியே நிறுத்துகிறார். பிறகு அவரும் அபிமெலேக்கும் ஆணையிட்டுக்கொள்கிறார்கள். கதை இரண்டு பொருளையும் வேண்டுமென்றே ஒன்றாகப் பின்னுகிறது. நாம் ஒன்றைத் தேர்ந்து மற்றதைத் தள்ள வேண்டியதில்லை. ஆனால் ‘ஏழு கிணறுகள்’ என்று கதை எங்கும் சொல்லவில்லை. அங்கே கிணறு ஒன்று, ஆடுகள்தான் ஏழு.

ஈசாக்கு தோண்டிய கிணறுகளின் பெயர்களுக்கு என்ன பொருள்?

ஏசேக்கு என்றால் வாக்குவாதம். சித்னா என்றால் பகை. ‘சாத்தான்’ என்ற சொல் பிறக்கும் அதே வேரிலிருந்து வந்தது. ரெகொபோத் என்றால் விசாலமான இடம். ஆதியாகமம் 26-இல் ஈசாக்கு முதல் கிணற்றைத் தோண்டுகிறார், மேய்ப்பர்கள் சண்டைக்கு வருகிறார்கள். விட்டுவிட்டு இரண்டாவதைத் தோண்டுகிறார், மறுபடியும் சண்டை. மூன்றாவதற்கு யாரும் வரவில்லை. “இப்பொழுது கர்த்தர் நமக்கு இடம் உண்டாக்கினார்” என்று சொல்லி அதற்குப் பெயர் வைக்கிறார்.

வயல்காட்டில் கிணற்றுத் தகராறு பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த மூன்று பெயர்களை விளக்கவே வேண்டாம். ஒரு மனிதனின் சில வருட வாழ்க்கை மூன்று சொல்லில் இருக்கிறது. இஸ்ரேலில் 1890-இல் உருவான ரெகோவோத் நகரம் இந்த மூன்றாவது கிணற்றின் பெயரைத்தான் எடுத்துக்கொண்டது.

யேகோவாயீரே என்றால் ‘கர்த்தர் தேவைகளைச் சந்திப்பார்’ என்றுதானே?

மோரியா மலையில் ஆபிரகாம் அந்த இடத்துக்கு வைத்த பெயர் அது. நீங்கள் சொல்வது சொல்லின் முழுப் பொருள் இல்லை. ‘யிர்ஏ’ என்றால் ‘பார்ப்பார்’. பார்த்தல் என்ற சாதாரண வினைதான். மோரியா மலைக்கு ஏறும்போது ஈசாக்கு, நெருப்பும் கட்டையும் இருக்கிறது, ஆட்டுக்குட்டி எங்கே என்று கேட்கிறான். ஆபிரகாம், “என் மகனே, தேவன் தமக்குத் தகனபலிக்கான ஆட்டுக்குட்டியைப் பார்த்துக்கொள்வார்” என்கிறார். மூலத்தில் இருப்பது ‘பார்ப்பார்’ என்ற வினைதான். மற்ற பல மொழிகளில் இந்த இடத்தில் மொழிபெயர்ப்பாளர்கள் திண்டாடுகிறார்கள். ‘பார்ப்பார்’ என்று போட்டால் வாக்கியம் நிற்காது. ‘ஏற்பாடு செய்வார்’ என்று போட்டால் கண் போய்விடும். தமிழில் அந்தச் சங்கடமே இல்லை. வீட்டில் யாராவது கலங்கி நிற்கும்போது, “விடு, அவர் பார்த்துக்கொள்வார்” என்கிறோமே, அதில் காண்பதும் இருக்கிறது, கவனித்துக்கொள்வதும் இருக்கிறது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் என்ற மொழிபெயர்ப்பும் அதே வினையைத்தான் பிடித்துக்கொண்டது.

இந்தப் பெயரைத் தனியாகவும் வாசிக்கக் கூடாது. ஆறு அதிகாரங்களுக்கு முன்னால் இன்னொரு இடத்துக்கு இதே வினையால் பெயர் வந்திருக்கிறது. சாராளின் கடுமைக்குப் பயந்து ஓடிப்போன எகிப்திய அடிமைப் பெண் ஆகார், வனாந்தரத்தில் ஒரு நீரூற்றின் அருகே உட்கார்ந்திருக்கிறாள். கர்ப்பிணி. தன்னோடு பேசினவருக்கு அவள், “நீர் என்னைக் காண்கிற தேவன்” என்று பெயர் வைக்கிறாள். அந்தத் துரவுக்குப் பெயெர்லகாய்ரோயீ என்று பெயர் உண்டாயிற்று; ‘என்னைக் காண்கிற ஜீவனுள்ளவரின் கிணறு’. மலையின் பெயரில் வரும் ‘யீரே’யும் கிணற்றின் பெயரில் வரும் ‘ரோயீ’யும் ஒரே வேர். ஆபிரகாம் மலையில் கண்டுகொண்டதை அவர் வீட்டு அடிமைப் பெண் முன்பே பாலைவனத்தில் சொல்லிவிட்டாள். யேகோவாயீரே என்று கடைப் பலகைகளிலும் வண்டிகளிலும் எழுதுகிறோம். ஆகாரின் கிணற்றுப் பெயரை எங்கும் எழுதியதாக நான் பார்த்ததில்லை. அது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

எபெனேசர் என்பது ஆள் பெயரா, ஊர்ப் பெயரா?

முதலில் அது ஒரு கல். ‘எபென்’ கல், ‘ஏசர்’ உதவி. பெலிஸ்தரை வென்றபின் சாமுவேல் மிஸ்பாவுக்கும் சேணுக்கும் நடுவே ஒரு கல்லை நிறுத்தி, “இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவி செய்தார்” என்றார்.

என் பாட்டி வீட்டு வாசல் தூணில் ஒரு சலவைக்கல் பதித்திருந்தது. மேலே ‘எபெனேசர்’, கீழே சிறிய எழுத்தில் ‘இம்மட்டும்’. ‘இ’யின் சுழியில் கறுப்பு மை உரிந்து வெள்ளையாகிவிட்டது. வெளியூர் போய்த் திரும்பும்போதெல்லாம் பாட்டி பையைக் கீழே வைத்துவிட்டு அந்த எழுத்தை விரலால் ஒருமுறை தடவிவிட்டுத்தான் படியேறுவார். எனக்கு வாசிக்கத் தெரிந்த முதல் வேத வார்த்தை ‘இம்மட்டும்’ என்றால் அது மிகையில்லை.

பெரியவனான பிறகுதான் 1 சாமுவேல் 4-ஐக் கவனித்தேன். அங்கேயும் எபெனேசர் வருகிறது. இஸ்ரவேலர் அங்கே பாளயமிறங்கி பெலிஸ்தரோடு யுத்தம் செய்தார்கள். முதல் நாள் சுமார் 4,000 பேர் விழுந்தார்கள். உடன்படிக்கைப் பெட்டியைக் கொண்டுவந்து மறுபடி மோதினார்கள். 30,000 பேர் விழுந்தார்கள், பெட்டியும் பறிபோனது. சாமுவேல் கல் நிறுத்திய இடமும் அதுவும் ஒன்றல்ல என்று கருதுகிறவர்கள் உண்டு. அப்படியே இருந்தாலும், தோல்வியின் பெயரைத்தான் சாமுவேல் வெற்றியின் கல்லுக்கு வைத்தார். ‘உதவியின் கல்’ என்று அர்த்தப் பட்டியலில் மட்டும் படித்தவருக்கு அந்த 34,000 பேர் தெரியமாட்டார்கள். மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்த என் பாட்டிக்குத் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன்.

மிஸ்பாவை நட்பின் வாழ்த்தாகப் பயன்படுத்தலாமா?

நாம் ஒருவரை ஒருவர் விட்டு மறைந்திருக்கும்போது கர்த்தர் நடுநின்று கண்காணிப்பாராக என்ற வசனம், பிரிவு உபசார அட்டைகளில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆதியாகமம் 31-ஐ வாசியுங்கள். ஒரு கற்குவியலுக்கு மிஸ்பா என்ற பெயர் வந்த கதை அது. சொன்னவர் லாபான். சொல்லப்பட்டது, இருபது வருடம் அவரிடம் வேலை பார்த்து, சொல்லாமல் ஓடிப்போன மருமகன் யாக்கோபுக்கு. ‘உன்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை, மேலே இருப்பவர் உன்னைக் கவனித்துக்கொண்டிருப்பார்’ என்பதுதான் அதன் தொனி. கற்குவியலைத் தாண்டி நீயும் வராதே, நானும் வரமாட்டேன் என்பது ஒப்பந்தம்.

அதே குவியலுக்கு லாபான் தன் அராமிய மொழியில் ஜெகர்சகதூதா என்கிறார். யாக்கோபு எபிரேயத்தில் கலயேத் என்கிறார். இரண்டுக்கும் ‘சாட்சிக் குவியல்’ என்றே பொருள். மாமனும் மருமகனும் ஒரே சொல்லில்கூட ஒத்துப்போகவில்லை.

வேதாகமம் சொல்லும் பொருளும் அறிஞர்கள் சொல்லும் பொருளும் வேறுபட்டால் எதை ஏற்பது?

பாபேலை எடுத்துக்கொள்ளுங்கள். பாஷையைத் தாறுமாறாக்கினதால் அந்தப் பெயர் என்கிறது ஆதியாகமம் 11. எபிரேயத்தில் ‘பாலால்’ என்றால் கலக்குதல். பாபிலோனியரோ தங்கள் நகரத்தை அக்காதிய மொழியில் ‘பாப் இலி’, அதாவது கடவுளின் வாசல் என்றே புரிந்துகொண்டார்கள். வேதாகமம் தவறு செய்துவிட்டது என்று சிலர் பதறுகிறார்கள்; அறிஞர்கள் பொய் சொல்கிறார்கள் என்று வேறு சிலர் கோபப்படுகிறார்கள். இரண்டும் வேண்டாம். தன்னைக் கடவுளின் வாசல் என்று அழைத்துக்கொண்ட பேரரசின் தலைநகரைப் பார்த்து, அதன் பெயரை ஓசையால் கொஞ்சம் திருப்பி, ‘நீ கலக்கம்’ என்று ஒரு சிறிய ஜனம் சொல்கிறது. சொற்பிறப்பு அகராதி எழுதுவது ஆதியாகமத்தின் நோக்கம் இல்லை. அதைத் தீர்ப்பாக வாசித்தால் பாபிலோனியப் பொருள் தெரிந்தபிறகு வசனம் இன்னும் கூர்மையாகிறது.

எருசலேம் என்றால் ‘சமாதான நகரம்’ என்று போதிக்கிறார்களே?

பிரசங்கத்தில் சொல்வதில் குற்றமில்லை. சங்கீதம் 122-இல் எருசலேமின் சமாதானத்துக்காக வேண்டச் சொல்லும் வரியே ஷாலோம் என்ற ஓசையைச் சுற்றித்தான் நடக்கிறது. எபிரெயர் 7:2-உம் சாலேமின் ராஜா என்பதற்குச் சமாதானத்தின் ராஜா என்று பொருள் தருகிறது. ஆனால் அந்தப் பெயர் இஸ்ரவேலருக்கு முந்தியது. கி.மு. 14-ஆம் நூற்றாண்டின் எகிப்தில் கிடைத்த அமர்னா மடல்களில் அது ‘உருசலிம்’. ‘ஷாலேம்’ என்ற கானானியத் தெய்வத்தின் அஸ்திபாரம் என்பதே ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. தாவீது அதைப் பிடித்தபோது பெயரை மாற்றவில்லை. பழைய பெயருக்குள் புதிய பொருள் குடியேறியது.

மொழிபெயர்ப்பில் காணாமல் போகும் சொல்விளையாட்டுகள் உண்டா?

தீர்க்கதரிசிகளின் புத்தகங்கள் முழுக்க உண்டு. ஆமோஸ் 5:5-இல் கில்கால் சிறையிருப்புக்குப் போகும் என்ற வரி எபிரேயத்தில் ‘ஹகில்கால் காலோ யிக்லே’ என்று உருள்கிறது. தேவனுடைய வீடாகிய பெத்தேலை ஓசியா ‘பெத்தாவேன்’ என்கிறார், அக்கிரமத்தின் வீடு. கன்றுக்குட்டியை வைத்து வணங்கின ஊருக்கு இனி அந்தப் பெயர்தான் என்கிறார்.

மீகா முதல் அதிகாரம்தான் இதன் உச்சம். பெத் அப்ராவில் புழுதியில் புரளச் சொல்கிறார். ‘ஆபார்’ என்றால் புழுதி. தமிழில் சொல்வதானால் ‘புழுதிவாக்கமே, புழுதியில் புரளு’ என்பது போல. அக்சீப் ஏமாற்றமாகும் என்கிறார். ‘அக்சாப்’ என்றால் ஏமாற்று. லாகீசைக் குதிரைகளை இரதத்தில் பூட்டச் சொல்கிறார். வேகக் குதிரைக்கு ‘ரெகெஷ்’. இதை வார்த்தை ஜாலம் என்று நினைத்துவிடாதீர்கள். மீகா மொரேசா ஊர்க்காரர். அவர் பெயர் சொல்லி அழைப்பவை பக்கத்து ஊர்கள். வாடிக்கையாகப் போய்வந்த ஊர்களின் பெயருக்குள்ளேயே அவற்றின் அழிவு காதில் விழுகிறது அவருக்கு. ஒப்பாரியில் செத்தவர் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுவது நமக்குத் தெரியும். மீகாவை அந்தக் குரலில் வாசிக்க வேண்டும்.

நாசரேத்துக்கு என்ன பொருள்?

‘நேட்சர்’, அதாவது தளிர் என்ற சொல்லோடு சேர்த்துப் பார்ப்பதே பரவலானது. ஏசாயா 11:1-இல் ஈசாயின் அடிமரத்தின் வேர்களிலிருந்து எழும்பும் கிளை என்று வருவது அதே சொல்தான். இயேசு நசரேயன் என்னப்படுவார் என்று சொல்லும் மத்தேயு 2:23 அதை நினைத்தே எழுதப்பட்டது என்பார்கள். பழைய ஏற்பாட்டில் நாசரேத் என்ற ஊரே வருவதில்லை. 1962-இல் செசரியாவில் கிடைத்த ஒரு எபிரேயக் கல்வெட்டுத் துண்டில் அந்தப் பெயர் ‘த்ஸ’ எழுத்தோடு இருந்தது. நேட்சரிலும் அதே எழுத்து. அந்தச் சிறிய ஊரின் பெயர் தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு ஊருக்கு இருக்கிறது; மதுரையில் பெத்தானியாபுரம் இருப்பது போல.

கொல்கொதா, கல்வாரி, கபாலஸ்தலம்: மூன்றும் ஒன்றா?

ஒன்றுதான். கொல்கொதா அராமியம். கல்வாரி லத்தீனிலிருந்து வந்தது. நம் காதில் ‘கல்’ என்று கேட்டாலும் கல்லுக்கும் அதற்கும் தொடர்பில்லை. எல்லாவற்றுக்கும் மண்டையோடு என்றே பொருள். லூக்கா 23:33-இல் பழைய மொழிபெயர்ப்பு கபாலஸ்தலம் என்கிறது. திருவிவிலியம் மண்டையோடு என்றே நேராகச் சொல்கிறது.

எபிரேயத்தில் அது ‘குல்கோலெத்’. வனாந்தரத்தில் மன்னா பொறுக்கும்போது “தலைக்கு ஒரு ஓமர்” என்று கணக்கிட்டார்களே, அந்தத் ‘தலை’ இதே சொல்தான். உருளுதல் என்ற வேரிலிருந்து பிறந்தது, உருண்டையானது என்பதால். கில்காலும் அந்த வேர்தான்: எகிப்தின் நிந்தையைப் புரட்டிப்போட்ட இடம் என்கிறது யோசுவா 5:9. வட்டாரம் என்ற பொருளுள்ள கலிலேயாவும் அதே குடும்பம்.

கெத்செமனே, பெத்பகே, பெத்தானியா?

கெத்செமனே எண்ணெய்ச் செக்கு. ஒலிவமலை அடிவாரத்துக்குப் பொருத்தமான பெயர். பெத்பகே காய் அத்திகளின் வீடு. அத்திமரத்தில் பழம் தேடிய சம்பவம் அந்தப் பக்கத்தில்தான் நடக்கிறது. பெத்தானியாவுக்கு ‘எளியவரின் வீடு’, ‘அனனியாவின் வீடு’ என்று பல விளக்கங்கள் உண்டு. ஒன்றையே முடிவாகச் சொல்லிப் பிரசங்கிப்பது நியாயமில்லை. அந்த ஊரின் இன்றைய அரபிப் பெயர் அல் எய்சரியா. லாசருவின் பெயர். கல்லறையிலிருந்து வந்தவருடைய பெயரே ஊருக்கு நின்றுவிட்டது.

சீலோவாம் என்பதற்கு ‘அனுப்பப்பட்டவன்’ என்று யோவான் ஏன் பொருள் சொல்கிறார்?

மூலப் பெயர் ‘ஷிலோவா’. ‘ஷாலாஹ்’ அனுப்புதல். அனுப்பப்பட்டது தண்ணீர். எருசலேமின் ஒரே நிலையான ஊற்று கீகோன், மதிலுக்கு வெளியே இருந்தது. அசீரியப் படை வரும் பயத்தில் எசேக்கியா ராஜா மலையைக் குடைந்து ஊற்றை நகரத்துக்குள் திருப்பினார். சுரங்கத்தின் நீளம் சுமார் 533 மீட்டர். 1880-இல் அதன் சுவரில் ஒரு எபிரேயக் கல்வெட்டு கண்டெடுக்கப்பட்டது. ராஜாவின் பெயர் அதில் இல்லை. இரண்டு முனையிலிருந்தும் குடைந்து வந்த வேலையாட்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது: இன்னும் மூன்று முழம் இருக்கையில் ஒருவன் மற்றவனைக் கூப்பிடும் சத்தம் பாறை வழியாகக் கேட்டது, கோடரியும் கோடரியும் எதிரெதிரே மோதின, தண்ணீர் குளத்துக்கு ஓடியது.

யோவான் 9-இல் பிறவிக்குருடன் கண்களில் சேற்றோடு நடந்துபோன குளம் அந்தத் தண்ணீரால் நிறைந்தது. அக்காலத்துக் குளத்தின் படிக்கட்டுகள் 2004-இல் வெளிப்பட்டன. ‘என்னை அனுப்பினவர்’ என்று இயேசு திரும்பத் திரும்பச் சொல்லும் நற்செய்தி யோவானுடையது. அனுப்பப்பட்டவர், அனுப்பப்பட்ட தண்ணீருக்கு ஒருவனை அனுப்புகிறார். வாசகர் இதைத் தவறவிடக் கூடாது என்றுதான் யோவான் கதையை நிறுத்தி அர்த்தம் சொல்கிறார்.

நரகம் ஒரு இடப்பெயரா?

புதிய ஏற்பாட்டில் நரகம் என்று நாம் வாசிக்கும் பல இடங்களில் மூலத்தில் ‘கெகென்னா’ இருக்கிறது. எபிரேயத்தில் ‘கே ஹின்னோம்’, இன்னோமின் பள்ளத்தாக்கு. எருசலேமுக்குத் தெற்கே இன்றும் நடந்து போகக்கூடிய இடம். ஆகாசும் மனாசேயும் தங்கள் பிள்ளைகளை அங்கே தீயில் பலியிட்டார்கள். எரேமியா அதைச் சங்காரப் பள்ளத்தாக்கு என்றார். குப்பை ஓயாமல் எரிந்த இடம் என்று பலமுறை கேட்டிருப்பீர்கள். அந்த விளக்கம் கி.பி. 1200 வாக்கில் வாழ்ந்த யூத உரையாசிரியர் தாவீது கிம்கியின் எழுத்தில்தான் தென்படுகிறது. குப்பை வேண்டியதில்லை. பிள்ளைகளை எரித்த இடம் என்பதே போதுமான பயங்கரம்.

கெட்ட பொருளுள்ள பெயர் அப்படியே நின்றுவிடுமா?

யோசுவா 7-இல் ஆகான் கல்லெறியப்பட்ட பள்ளத்தாக்குக்கு ஆகோர் என்று பெயர், கலக்கம், துன்பம். பல நூற்றாண்டு கழித்து ஓசியா 2:15 அதை நம்பிக்கையின் வாசலாகக் கொடுப்பேன் என்கிறது. பெயர் மாறவில்லை, அதற்குள் வாசல் திறந்தது. 1878-இல் யூதக் குடியேறிகள் தங்கள் ஊருக்கு வைத்த பெத்தாக் திக்வா, ‘நம்பிக்கையின் வாசல்’, இந்த வசனத்திலிருந்து வந்தது. ‘துன்பப் பள்ளத்தாக்கு’ என்று பார்த்துவிட்டு ஆகோரைப் பட்டியலிலிருந்து நீக்குகிறவர்கள் ஓசியாவையும் சேர்த்து நீக்கிவிடுகிறார்கள்.

உங்கள் மனதில் தங்கிய பெயர் எது?

அல்லோன்பாகூத். ‘அல்லோன்’ கர்வாலி மரம், ‘பாகூத்’ அழுகை. ஆதியாகமம் 35:8 ஒரே வசனம். யாக்கோபின் குடும்பம் பெத்தேலுக்கு வந்திருக்கும்போது, அவர் தாய் ரெபெக்காளின் தாதி தெபொராள் இறந்துபோகிறாள். ஊருக்குக் கீழே ஒரு கர்வாலி மரத்தடியில் அடக்கம் செய்கிறார்கள்; அந்த மரத்துக்கு அழுகையின் மரம் என்று பெயர் உண்டாயிற்று. ரெபெக்காளின் மரணக் காட்சியையே ஆதியாகமம் விவரிப்பதில்லை. பதினோரு அதிகாரங்களுக்கு முன்னால், மணப்பெண்ணாக ரெபெக்காள் ஒட்டகமேறிப் புறப்பட்டபோது, கூடப் போனவளை ‘அவள் தாதி’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. தெபொராள் என்ற அவளுடைய பெயர் நமக்குத் தெரியவருவது அந்த மரத்தடியில்தான்.